கோடு படுத்திருந்த இடம்

டிராக் பாடுகிறவருக்குப் பாட்டில் இடம் கிடையாது. பெரிய பாடகர் வந்து சேரும்வரை, பஸ் சீட்டில் துண்டு போட்டு வைப்பது போல, அந்த இடத்தைப் பிடித்து வைத்திருப்பதுதான் அவர் வேலை. மெட்டு தயாராகியிருக்கும், வரி வந்திருக்காது. எங்கே இழுக்க வேண்டும், எங்கே மூச்சு எடுக்க வேண்டும், எங்கே குழைய வேண்டும் என்று காட்டுவதற்காக ஒருவர் முழுப் பாட்டையும் பாடி வைப்பார். பெரியவர் அதைக் காதில் மாட்டிக்கொண்டு, கேட்டுக் கேட்டுப் பாடிவிட்டுக் காரேறிப் போவார். கார் தெருமுனை திரும்புவதற்குள் ஸ்டுடியோக்காரன் டிராக்கை அழித்துவிடுவான்.

டிராக் பாடுகிற ஒருவரைக் கட்டிக்கொண்ட புதிதில் அவளுக்கு இது விளங்கவில்லை.

"அப்போ நீங்க பாடினது எங்க போச்சு?"

"பென்சில் கோடு எங்க போகும்? மேல மை போட்டாச்சுன்னா ரப்பர் வெச்சுத் தேய்ச்சுட வேண்டியதுதான்."

"உங்களுக்கு வயிறு எரியாதா?"

"எரியும். ஒரு டீ குடிச்சா சரியாயிடும்."

அவருடைய பெயரே டிராக் என்று ஆகிப்போயிருந்தது. பால்காரர்கூட "டிராக் வீடு" என்றுதான் சொல்வார். வரி வராத மெட்டுக்கு மற்றவர்கள் லாலலா போட்டுப் பாடுவார்கள். இவருக்கு அது சலிப்பு. வாயில் வருகிற வீட்டுச் சங்கதியை எல்லாம் எடுத்துக் கோத்துவிடுவார். பிற்பாடு ஊரே உருகி உருகிப் பாடிய ஒரு காதல் பாட்டு, முதன்முதலில் "கரன்ட் பில்லு கட்டணும் கண்ணே, கடைசித் தேதி நாளைக்கு" என்றுதான் பிறந்தது. பஸ்ஸில் அந்தப் பாட்டு வந்தால் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பை அடக்குவாள். பக்கத்தில் இருக்கிற பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

டயர் கடைக்கு மேலே இரண்டு அறை அவர்கள் வீடு. அவள் திரைச்சீலையும் சோபா உறையும் தைப்பவள். வீடு பூராவும் பஞ்சு, ஸ்பாஞ்சு, துணி வெட்டல்கள். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய ஸ்பாஞ்சிலிருந்து நனைந்த நாயின் வாடை வரும். மரத்தில் பெரிய துணி அலமாரி ஒன்று இருந்தது. அதன் உள்சுவருக்கெல்லாம் அவளே மெத்தை தைத்து ஆணியடித்துக் கொடுத்தாள். அதற்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர் பாடுவார். ஸ்டுடியோக்கள் சுருங்கி, டிராக்கை வீட்டிலிருந்தே அனுப்பச் சொல்ல ஆரம்பித்த காலம் அது. அவர் உள்ளே போனால் இவள் மெஷினை நிறுத்த வேண்டும். கீழே காற்றடிக்கும் மெஷினையும் நிறுத்த வேண்டும். அவர் தரையை ஓங்கி மிதித்தால் டயர் கடைக்காரர் கீழேயிருந்து, "பாடுங்க தலைவரே, பாடுங்க, வண்டிக்காரன் காத்திருக்கட்டும்" என்பார்.

"வர்ற வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குத் திரை தெச்சுக் குடுக்கணும். நீங்க அலமாரிக்குள்ள உக்காந்துகிட்டு என் கையைக் கட்டிப் போட்டா எப்படி?"

"இரு, இரு. நீ திட்டறதும் பதிவாகுது பார்."

உண்மையாகவே பதிவாகும். ரெக்கார்டை ஒருமுறை தட்டிவிட்டால் அவர் நிறுத்த மாட்டார். பாடத் தயாராகாத நேரத்தில்தான் நல்ல பாட்டு வரும் என்பது அவர் கட்சி. இருமல், தொண்டை செருமல், பேச்சு, தண்ணீர் குடிக்கிற சத்தம் எல்லாம் சேர்ந்து நீளமாக ஓடிக்கொண்டிருக்கும். பிறகு உட்கார்ந்து தலையையும் வாலையும் வெட்டிவிட்டு நடுவில் இருக்கிற பாட்டை மட்டும் அனுப்புவார்.

ஈரல் கெட்டுப் படுக்கையில் விழுந்த பிறகும் மைக்கைத் தலைமாட்டில் வைக்கச் சொன்னார். இனி யாருக்கும் டிராக் பாட வேண்டியதில்லை, மெட்டும் அவருடையது, வரியும் அவருடையது. ஒரு பகல்பொழுதில் தலையணையைச் சாய்த்துக் கொடுத்தாள். பாடினார். குரல் பாதியாக இளைத்திருந்தது, ஆனால் சுருதி விலகவில்லை. பாடி முடித்துக் கொஞ்ச நேரம் சும்மா கிடந்தவர் அவள் கையைப் பிடித்தார். படுக்கை நனைந்திருந்தது. நனைந்தது மட்டுமில்லை. பெரிய மனிதர், அவள் கைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி விசும்பினார். மகள் அடுத்த அறையில் படித்துக்கொண்டிருந்தாள். "கதவைச் சாத்து. பாப்பா பாக்கக்கூடாது. யாரும் பாக்கக்கூடாது" என்றார். "யாரும் பாக்க மாட்டாங்க. நான் இருக்கேன்ல" என்றாள். கழுவித் துடைத்து விரிப்பு மாற்றிய நேரம் முழுக்க அவர் என்னென்னவோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். அதையெல்லாம் இங்கே எழுதுவதற்கில்லை.

அதற்குப் பிறகு அவர் பாடவில்லை. வெயில் ஏறுகிற மாதத்தில் போய்ச் சேர்ந்தார்.

அவருடைய தம்பி மிக்ஸிங் வேலை பார்க்கிறவன். பத்துப் பேர் தனித்தனியாகப் பாடி வாசித்ததை ஒன்றாகக் கலந்து கொடுக்கிற வேலை. கெட்டவன் என்று சொல்ல முடியாது. அண்ணன் படுத்திருந்தபோது மருந்துக்கு ஓடினவன் அவன்தான். சாவு வீட்டுச் சந்தடி அடங்கியதும் வந்து அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"அண்ணி, அண்ணனோட ஹார்ட் டிஸ்க்கை எங்கிட்ட குடுங்க."

"எதுக்கு?"

"ஆயுசு பூரா பாடினாரே, ஒரு கேசட் அட்டையில, ஒரு சிடியில, எங்கயாவது அவர் பேர் உண்டா? எல்லாத்தையும் அழிச்சுட்டானுங்க. இப்ப ஒண்ணு வந்திருக்கு அண்ணி. பிளாக்செயின்னு பேரு. அதுல ஏத்திட்டா எந்தக் கொம்பனாலயும் அழிக்க முடியாது. கேசட் கம்பெனிக்காரன் கிடையாது, நடுவுல கை நீட்டறவன் கிடையாது. பாடினவன் பேரு கல்வெட்டு மாதிரி நிக்கும். கைமாறுற ஒவ்வொரு தடவையும் நமக்கு ஒரு பங்கு வரும். பாப்பா படிப்புக்கு ஆச்சு."

"என்னத்தை விக்கப் போறே?"

"டோக்கன். என்எஃப்டி. இந்தப் பாட்டு என்னோடதுன்னு ஒரு பத்திரம் மாதிரி."

"வாங்கினவன் வீட்டுல மட்டும்தான் பாடுமா?"

"இல்ல அண்ணி, யார் வேணாலும் கேக்கலாம். சும்மாவே கேக்கலாம்."

"அப்போ வாங்கினவனுக்கு என்ன கிடைக்கும்?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "வாங்கினேன்னு சொல்லிக்கலாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் போனபிறகு அன்றுதான் முதல்முறையாகச் சிரித்தாள். கிறுக்குப் பிடித்த பணக்காரன் எவனோ, கரன்ட் பில் பாட்டை வாங்கி வைத்துக்கொண்டு மீசையை முறுக்கட்டுமே என்று தோன்றியது. ஹார்ட் டிஸ்க்கைத் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பினாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி மனைவியோடு வந்தான். கேக், பிஸ்கட், பெரிய ஸ்பீக்கர் எல்லாம் கையில். டயர் கடைக்காரரையும் மேலே கூப்பிட்டான். அவள் முட்டை அவித்து, ரொட்டி சுட்டு வைத்தாள். துணிக்கட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"அண்ணி, அண்ணனோட கடைசிப் பாட்டு வித்துப் போயிடுச்சு. போட்டி போட்டு ஏலம். நம்பர் ஒன்!"

"எந்தக் கடைசிப் பாட்டு?"

"படுக்கையில பாடினது. கேளுங்க."

பாட்டு வந்தது. டயர் கடைக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மகள் முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தாள். தம்பி கண்ணை மூடித் தலையாட்டினான். பாட்டு முடிந்தது. அவன் கையிலிருந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டே, "எப்படி?" என்றான். ஸ்பீக்கரை அணைக்கவில்லை. அதுதான் முடிந்துவிட்டதே.

முடியவில்லை. அவள் காதுக்கு மட்டும் என்று முணுமுணுத்த குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி அறை முழுக்கக் கேட்டது. கதவைச் சாத்து. பாப்பா பாக்கக்கூடாது. பிறகு விசும்பல். பிறகு ஈரத் துணியின் சத்தம். அவள் எழுந்து ஓடிவந்து ஸ்பீக்கரைத் தூக்கினாள். எங்கே அமுக்குவது என்று தெரியவில்லை. மடியில் வைத்து ஸ்பாஞ்சால் பொத்தினாள். அது மடியிலிருந்து பேசிக்கொண்டே இருந்தது. மகள்தான் வந்து ஒயரைப் பிடுங்கினாள்.

டயர் கடைக்காரர் தொப்பியை மாட்டிக்கொண்டு, "கடையில ஆளில்லை" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார்.

"நீ கேக்கலையா?" என்றாள் அவள்.

தம்பியின் வாயில் ரொட்டி அப்படியே இருந்தது. லேப்டாப்பைத் திறந்து திரையை அவள் பக்கம் திருப்பினான். "இங்க பாருங்க அண்ணி. பாட்டு இருக்கிற இடத்துல அலை எப்படி எழும்பி நிக்குது. இங்க வந்ததும் கோடு படுத்துடுச்சு. கோடு படுத்துட்டா வெறும் ரூம் சத்தம்னு அர்த்தம். வெட்டாம குடுங்க, வெட்டாததுக்குத்தான் கிராக்கின்னு டோக்கன் விக்கிற கம்பெனியில சொன்னாங்க. சும்மாக் கிடக்கிற இடம்தானேன்னு விட்டுட்டேன்."

"காதால கேட்டியா, இல்லையா?"

"எங்க வேலையில இப்ப எவன் அண்ணி காதால கேக்கறான்? எல்லாம் கண்ணாலதான். மெதுவாப் பேசினது கோட்டுல தெரியல. அவங்க ஏத்தும்போது சாஃப்ட்வேர் தாழ்ந்த சத்தத்தையெல்லாம் தூக்கிவிட்டிருக்கு."

அவன் மனைவி கேக்கின் மேல் மூடியை மெல்ல மூடினாள். யாரும் சாப்பிடவில்லை.

"அழிச்சிடு" என்றாள் அவள்.

"அண்ணி..."

"இப்பவே அழிச்சிடு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அழிக்க முடியாது என்று அவன்தானே சொல்லியிருந்தான்.

மறுநாள் அவளும் தம்பியும் அந்த டோக்கன் கம்பெனிக்குப் போனார்கள். கண்ணாடிக் கட்டடம். கூடத்தில் ஊஞ்சல் தொங்கியது. வளர்ந்த ஆண்கள் அதில் உட்கார்ந்து லேப்டாப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலுறை போடாமல் பளபளக்கிற ஷூ மட்டும் போட்ட மேனேஜர் ஒருவன் வந்தான். அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். மரியாதைக்குக் குறைச்சல் இல்லை.

"சாரோட ஃபேன் மேடம் நான்."

"எந்தப் பாட்டு கேட்டிருக்கீங்க?"

"எல்லாமே" என்றான். "மேடம், நீங்க வருத்தப்படறது எனக்குப் புரியுது. ஆனா அழிக்க முடியாதுங்கிறதைக் குறையாப் பாக்காதீங்க. இந்த டெக்னாலஜியோட பெருமையே அதுதான். ஒரு இடத்துல இருந்தா அழிக்கலாம். உலகம் பூரா ஆயிரம் மெஷின்ல இருக்கு."

"அது எங்க வீட்டுப் படுக்கை விஷயம். அவர் யாரும் பாக்கக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டார்."

"அதனாலதான் மேடம் ஜனங்க அழறாங்க. பாருங்களேன்."

போனை நீட்டினான். அவர் படத்துக்குக் கீழே 'ஒரு கலைஞனின் கடைசி அந்தரங்கம். வெட்டப்படாதது. ஒன்றே ஒன்று' என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே வரிசை வரிசையாக இதயமும் நெருப்பும். ஒருவன், "கதவு சாத்தற இடத்துல புல்லரிச்சுடுச்சு" என்று எழுதியிருந்தான். இன்னொருவன் எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்டிருந்தான். மூன்றாமவன், பாட்டைத் தாண்டிப் போ என்று வழி சொல்லியிருந்தான். அவளுக்குக் கழுவிய கைக்கே அந்த நாற்றம் திரும்பி வந்த மாதிரி இருந்தது. நோயாளியின் நாற்றம் அவளுக்குப் பழகினது, அதில் அருவருப்பே இருந்ததில்லை. இது வேறு.

"வழியே இல்லையா?" என்றான் தம்பி.

"வாங்கினவர் மனசு வெச்சா அந்த டோக்கனை எரிச்சிடலாம். நான் பேசிப் பாக்கறேன்" என்றான் மேனேஜர்.

எரித்துவிடலாம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வாரம் முழுக்க அவள் தைத்தாள். சோபா உறைக்குக் கைப்பிடியைத் தப்பான பக்கம் வைத்துத் தைத்துப் பிரித்தாள். மகள் சோறு போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தால், ஆறிப்போகும்.

"அம்மா, எரிச்சுட்டா எல்லாம் சரியாயிடுமா?"

"ஆகும்."

"நான் அந்த இடத்தைக் கேக்கலம்மா. ஒயரைப் பிடுங்கற அவசரத்துல ஒண்ணும் கேக்கல."

அது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் மகளின் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு ஊசியில் நூல் கோத்தாள்.

மேனேஜர் கூப்பிட்ட நாளில் அவளும் தம்பியும் போனார்கள். சுவர் அளவுக்கு டிவி. அதில் முகத்துக்குப் பதிலாகக் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு கிளிப் படம். பேசும்போது அலகு திறந்து மூடியது. எதையோ மென்றுகொண்டே பேசுகிற குரல்.

"இவர்தான் மேடம்" என்றான் மேனேஜர்.

"முகத்தைக் காட்டச் சொல்லுங்க."

"இதுதான் மேடம் அவர் முகம். இதையும் விலை குடுத்துத்தான் வாங்கியிருக்கார்."

அவள் கிளியைப் பார்த்துக் கை கூப்பினாள். வேறென்ன செய்வது? "ஐயா, நீங்க அந்தப் பாட்டைக் கேட்டிருப்பீங்க..."

"இல்லீங்க, கேக்கல" என்றது கிளி. "நான் எதையும் கேக்கறதில்ல. விலை ஏறும்னு சொன்னாங்க, எடுத்தேன். ஏறிக்கிட்டுத்தான் இருக்கு."

தம்பி தலையில் கை வைத்தான். அத்தனை பேர் காது வைத்துக் கேட்ட அந்தரங்கத்தைச் சொந்தமாக வாங்கினவன் ஒருவன்தான் கேட்கவில்லை.

"எரிச்சுடுங்க ஐயா."

"எரிக்கலாம், எனக்கொண்ணும் இல்ல. ஆனா சும்மா எரிச்சா எப்படி? எல்லாரும் பாக்க, லைவ்ல எரிக்கணும். அதுக்கு முன்னாடி ஒருதரம் முழுசாப் போடுவோம். நீங்களும் கூட இருக்கணும்."

அவள் மேனேஜரைப் பார்த்து, "எரிச்சா அந்தச் சத்தம் போயிடும்ல?" என்றாள்.

மேனேஜர் கழுத்தைச் சொறிந்தான். "ஓனர்ஷிப் போயிடும் மேடம்."

"சத்தம்?"

"ஃபைல் இருக்கும். அது எல்லாருக்கும் பொதுவா இருக்கும்."

"அப்போ எதைத்தான் எரிக்கறீங்க?"

கிளிதான் மென்றுகொண்டே, "அப்படி அதுல என்னதாங்க இருக்கு? இவங்க சொல்லமாட்டேங்கறாங்க. நீங்களே உங்க வாயால சொல்லுங்களேன். நியாயமாப் பட்டா ஏதாவது பண்றேன்" என்றது.

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள். மேஜையில் டிஷ்யூ டப்பாவை அவள் பக்கமாக மேனேஜர் நகர்த்தி வைத்தான். அதற்குப் பின்னால் கறுப்பு ஸ்பாஞ்சு உறை போட்ட சின்ன உருண்டை ஒன்று எட்டிப் பார்த்தது. உறையின் அடியில் சிவப்பாக ஒரு புள்ளி. சோபாவில் மிஞ்சின ஸ்பாஞ்சை வெட்டி அந்த மாதிரி உறை எத்தனையோ தைத்துக் கொடுத்தவள் அவள். சிவப்பு எரிந்தால் வாயை மூட வேண்டும் என்பது அவள் வீட்டில் குடித்தனத்தின் முதல் பாடம்.

வாயை மூடிக்கொண்டாள்.

"சொல்லுங்க அண்ணி" என்றான் தம்பி.

ஏசி ஓடுகிற சத்தம். கிளி மெல்லுகிற சத்தம்.

"டைம் எடுத்துக்குங்க மேடம்" என்றான் மேனேஜர், மெதுவாக, பூஜையறையில் பேசுகிற மாதிரி. "அழணும்னா அழுங்க."

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே நடந்தாள்.

தெருவில் மழைத்தண்ணீர் தேங்கிய சாக்கடை ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தாள். காலையில் குடித்த டீ தவிர வயிற்றில் ஒன்றும் இல்லை. தம்பி தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"மைக் வெச்சிருந்தான்" என்றாள், வாயைத் துடைத்துக்கொண்டு.

அவன் பாட்டில் மூடியைத் திருகினான்.

"உனக்குத் தெரியுமா?"

"ஒப்பந்தத்துல இருக்கு அண்ணி. சந்திப்பெல்லாம் பதிவாகும்னு. நல்லதுக்குத்தானேன்னு..."

அவள் தண்ணீரை வாங்கவில்லை. தனியாகப் பஸ் ஏறினாள்.

அதற்குப் பிறகு டயர் கடைத் தெருவில் டிராக் வீடு சத்தம் அடங்கிப்போனது. வேலைக்குத் துணி கொண்டுவருகிறவர்கள் போனை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வர வேண்டும் என்றாள். சிலர் முறைத்தார்கள், சிலர் வேறு தையல்காரியைத் தேடிக்கொண்டார்கள். தாயும் மகளும் சின்னச் சின்ன விஷயத்தைக்கூடக் கையால் காட்டிப் பேசிக்கொண்டார்கள். உப்பு வேண்டும் என்றால் விரல் நுனியைத் தேய்ப்பது, தலைவலி என்றால் நெற்றியைத் தொடுவது. டயர் கடைக்காரர் கரன்ட் பில் கொடுக்க மேலே வந்தவர், இரண்டு பேரும் சண்டையா என்று கேட்டார்.

தம்பி வெகுநாள் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு ஒரு பிற்பகல் வந்தான். போனை அவளே கேட்பதற்கு முன்னால் வாசல் கட்டையில் வைத்தான். மெலிந்திருந்தான். உட்காரச் சொல்வாள் என்று பார்த்தான், சொல்லவில்லை.

"வேற யாராவது சொல்லி உங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன் அண்ணி. அன்னைக்கு அங்க நடந்ததையும் ஏத்திட்டாங்க."

"நான்தான் ஒண்ணும் பேசலையே."

"அதைத்தான்" என்றான். "நீங்க பேசாம உக்காந்திருந்தது, நாற்காலியைத் தள்ளினது, நடந்து போனது. 'மனைவியின் மௌனம்'னு பேர் வெச்சு வித்திருக்காங்க. விலையில அண்ணன் பாட்டைத் தாண்டிப் போயிடுச்சு அண்ணி." அதைச் சொல்லும்போது அவன் அறியாமலே குரலில் கொஞ்சம் பெருமை ஏறிவிட்டது. அது அவனுக்கே கேட்டிருக்க வேண்டும். சட்டென்று வேகமாகப் பேசினான். "நமக்கு உண்டான பங்கை நான் அப்படியே பாப்பா பேர்ல..."

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அலுமினிய வாளியைக் குழாய்க்கடியில் நகர்த்திக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெறும் வாளியின் அடியில் விழுந்து கடகடவென்று சமையலறையே அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்குள் அவன் சட்டைக் காலரைப் பிடித்துக் கீழே இழுத்து, காதோடு வாயை வைத்துச் சொன்னாள். நீளமாக ஒன்றும் இல்லை. ஒரு வாக்கியம் இருக்கலாம். வாசற்படியில் வந்து நின்ற மகளுக்கு உதடு அசைவது தெரிந்தது, சொல் வந்து சேரவில்லை.

அவன் நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. ஏதோ சொல்ல வந்தான். அவள் அவன் வாயைத் தன் உள்ளங்கையால் மூடினாள். அவன் தலையை ஆட்டினான். படியிறங்கிப் போனான். கீழே போனவன் போனை எடுக்கத் திரும்பி வந்தான், எடுத்தான், அண்ணியை நிமிர்ந்து பார்க்காமலே மறுபடி இறங்கிப் போனான். அந்த வீட்டுக்கு அவன் அதற்குமேல் வரவில்லை.

வாளி நிரம்பி வழிந்து தரையெல்லாம் தண்ணீர். அவள் குழாயை மூடினாள்.

"சித்தப்பாகிட்ட என்னம்மா சொன்னே?"

அவள் குனிந்து தண்ணீரைத் துணியால் ஒற்றி வாளியில் பிழிந்தாள்.

"அது அவனுக்குச் சொன்னது" என்றாள்.